ஒரு கிராமம், நான்கைந்து எழுத்துக்கூட்டு

1948-இல் காலியாக்கப்பட்ட பாலஸ்தீனக் கிராமம் ஒன்றைப் பற்றி ஆய்விதழுக்கு எழுத உட்கார்ந்தால், முதல் சில வாரங்கள் பெயருக்கே போய்விடும். தெய்ர் யாசினை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'தெய்ர்' இரண்டு விதமாக வரும். 'யாசின்' ஒரு எஸ்ஸோடும் வரும், இரண்டு எஸ்ஸோடும் வரும். இதிலேயே நான்கு கூட்டு. அரபியில் அல்-லித் என்னும் ஊர் பழைய ஆங்கில ஆவணங்களில் லிட்டா, இன்றைய ஹீப்ருவில் லோத். ஒரு கூட்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு 'ஆவணம் இல்லை' என்று எழுதியவர்களின் கட்டுரைதான் முதலில் திரும்பி வரும்.

அதனால் பெயரோடு சேர்த்துக் கட்ட எண்ணையும், அதாவது வரைபடக் கட்டத்தில் ஊர் விழும் இடத்தின் எண்ணையும், குறித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிக்கால பாலஸ்தீனக் கட்டத்தில் தெய்ர் யாசின் 167/132. முதல் எண் கிழக்கு, அடுத்தது வடக்கு, இரண்டும் கிலோமீட்டரில். இன்றைய இஸ்ரேலியக் கட்டத்துக்கு மாற்ற முதல் எண்ணோடு 50, இரண்டாவதோடு 500 கூட்டினால் போதும்: 217/632. கூட்ட மறந்தால் புள்ளி வேறெங்கோ போய் விழும். 1940களின் பிரிட்டிஷ் வரைபடங்களை இன்றைய படத்தின் மேல் விரித்துக் காட்டும் 'பாலஸ்தீன் ஓப்பன் மேப்ஸ்' தளம் 2018-இல் வந்தபிறகு இந்த வேலை பாதியாகக் குறைந்தது.

அடுத்தது மக்கள்தொகை. பிரிட்டிஷார் எடுத்த கணக்கெடுப்பு இரண்டே இரண்டு, 1922-இலும் 1931-இலும். எல்லாரும் மேற்கோள் காட்டும் 1945 கிராமப் புள்ளிவிவரம் கணக்கெடுப்பு அல்ல, மதிப்பீடு. தெய்ர் யாசினுக்கு 610 பேர், 2,857 துனம் (நில அளவு) என்று அதில் இருக்கும். மக்கள்தொகை பூஜ்யத்தில் முடிவதைக் கவனியுங்கள். ஏறக்குறைய எல்லா ஊருக்கும் அப்படித்தான். 'கணக்கெடுப்பின்படி 610' என்று எழுதினால் இதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் மதிப்பீட்டாளர் சுழித்துவிடுவார், நியாயமாகவே. துனத்திலும் ஒரு பள்ளம் உண்டு. பிரிட்டிஷாருக்கு முன் ஆண்ட உஸ்மானியத் துருக்கியரின் துனம் சுமார் 919 சதுர மீட்டர். 1928 முதல் அது 1,000 சதுர மீட்டர். பழைய பத்திரத்தில் 4,000 துனம் என்றிருந்தால் புதிய அளவில் ஏறத்தாழ 3,676. மாற்றாமல் இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்தால், நிலம் விற்கப்படாமலேயே குறைந்ததுபோலத் தோன்றும்.

கொல்லப்பட்டவர் எண்ணிக்கையில்தான் அதிகம் நிதானிக்க வேண்டும். 9 ஏப்ரல் 1948 அன்று தெய்ர் யாசினில் இறந்தவர்கள் 254 பேர் என்று பல பத்தாண்டுகள் அச்சானது. அந்த எண் ஊரைத் தாக்கிய யூத ஆயுதக்குழுக்களின் தரப்பிலிருந்தே கிளம்பியது. மிரட்ட அது அவர்களுக்கு உதவியது, கொடுமையை உரக்கச் சொல்ல எதிர்த்தரப்புக்கும் உதவியது. 1987-இல் பீர்ஸெய்த் பல்கலைக்கழகத்தின் ஷரீஃப் கனாஅனாவும் நிஹாத் ஸிதாவியும் உயிர் பிழைத்தவர்களின் சாட்சியங்களைத் தொகுத்தபோது 107-ஐத் தாண்டவில்லை. எண் குறைந்ததால் படுகொலை சிறிதாகிவிடாது. 254-ஐ இன்றும் எழுதுகிற கட்டுரைதான் சிறிதாகிவிடும். 1948-இல் அழிந்த ஊர்களின் எண்ணிக்கைக்கும் இதே கதி, ஆய்வாளர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வலீத் காலிதி குழு 418 என்றது. பெனி மோரிஸின் பழைய பட்டியலில் 369. சல்மான் அபு சித்தா 531 என்றார், பதூயின் நாடோடிகளின் குடியிருப்புகளையும் சேர்த்து. எது 'ஊர்' என்பதை ஒவ்வொருவரும் வேறு விதமாக வரையறுக்கிறார்கள். எந்த எண்ணை எடுத்தாலும் யாருடையது என்பதை வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுவது நல்லது. அடிக்குறிப்பில் ஒளித்தால் போதாது.

உஸ்மானியக் காலத்துக்குப் போகிறவர்கள் இஸ்தான்புல் ஆவணக்காப்பகத்தில் 'ஃபிலிஸ்தீன்' என்று மட்டும் தேடக்கூடாது. அந்தப் பெயரில் மாகாணமே இல்லை. எருசலேம் தனி முத்தசர்ரிஃப்லிக்காக (தனி நிர்வாக மாவட்டமாக) நேரே தலைநகருக்குக் கட்டுப்பட்டிருந்தது. நாப்லுஸும் அக்காவும் 1888 முதல் பெய்ரூத் விலாயத்தில், அதாவது மாகாணத்தில். தேதி அதைவிடத் தொல்லை. தாளில் 1327 என்றிருந்தால் ஹிஜ்ரியில் அது 1909-இல் தொடங்கும் ஆண்டு, உஸ்மானிய அரசின் சூரிய நாட்காட்டியான ரூமியில் 1911-இல் தொடங்குவது. மாதப் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும்: முஹர்ரம், ஸஃபர் என்றால் ஹிஜ்ரி, மார்ட், நீசான் என்றால் ரூமி. ஆண்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு ஊர் திரும்பினால் இரண்டாண்டு பிசகு கட்டுரைக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

லண்டனில் கியூ தேசிய ஆவணக்காப்பகத்தில் வாசகர் சீட்டு இலவசம்; இரண்டு அடையாளச் சான்று போதும். காலனி அலுவலகத்தின் பாலஸ்தீனக் கடிதப் போக்குவரத்து சி.ஓ. 733 வரிசையில் இருக்கிறது. சொந்தக் கேமராவில் படமெடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் கோப்பு எண் தெரியும் அட்டையாக இருக்கட்டும். நானூறு படத்தோடு வீடு வந்து எது எந்தக் கோப்பு என்று தெரியாமல் விழிப்பது புதியவர்கள் எல்லாருக்கும் நடப்பதுதான்.

அரபுச் செய்தித்தாள்களில் யாஃபாவின் 'ஃபிலஸ்தீன்' (1911), ஹைஃபாவின் 'அல்-கர்மில்' (1908) இரண்டும் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரி அரபி அச்சைத் தப்பும் தவறுமாகப் படிக்கும்; சொல்லின் கடைசியில் வரும் தா மர்பூத்தா எழுத்தை ஹா என்றும், ஹம்ஸா என்னும் சிறு குறியை விட்டுவிட்டும். ஒரே சொல்லை மூன்று நான்கு வடிவில் தேடுங்கள். அதிலும் அகப்படாவிட்டால் சம்பவம் நடந்த வாரத்தின் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பார்த்ததைப் பார்த்த அன்றே நகலெடுக்க வேண்டும். முன்பு ஆய்வாளர்கள் கையாண்ட 1948 இஸ்ரேலியக் கோப்புகள் சில மறுபடி மூடப்பட்டது 2019-இல் வெளியில் தெரிந்தது. அப்படிப்பட்ட கோப்பை இன்னொருவர் வழியாகத்தான் அறிந்தீர்கள் என்றால் அவர் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டுங்கள். நேரில் பார்த்ததுபோல எழுதினால் எப்போதாவது மாட்டிக்கொள்வீர்கள்.

இனி அனுப்புவது. பெய்ரூத்தில் 1963-இல் தொடங்கிய பாலஸ்தீன ஆய்வு நிறுவனத்தின் ஆங்கிலக் காலாண்டிதழ் 1971 முதல் வருகிறது. எருசலேம் பற்றியது என்றால் அதே நிறுவனத்தின் 'ஜெருசலேம் குவார்ட்டர்லி' பொருந்தும். இத்துறை இதழ்கள் பலவும் கேட்பது அடிக்குறிப்போடு எட்டாயிரம், பத்தாயிரம் சொல். அதற்கு மேல் போனால் படிக்காமலே திருப்பலாம். மதிப்பீட்டாளருக்கு உங்கள் பெயர் தெரியக்கூடாது. 'என் முந்தைய கட்டுரையில்' என்ற வரியை நீக்கிவிட்டு, கோப்பின் பண்புகளில் தானாகப் பதிந்திருக்கும் பெயரை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். மதிப்புரையில் தவறாமல் வரும் கேள்வி: 'அரபு ஆதாரம் எங்கே?' காலனி அதிகாரியின் கடிதத்தை மட்டும் வைத்து எழுதிய கட்டுரைக்கு இதற்குப் பதில் கிடையாது. ஆறு மாதம் கழித்து நாளிதழைத் தேடி ஓடுவதைவிட முதலிலேயே பார்த்துவிடுவது மேல்.

மெய்ப்பு வரும்போது இரண்டு மூன்று நாள்தான் அவகாசம் இருக்கும். அரபுப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது அய்ன் எழுத்துக்கும் ஹம்ஸாவுக்கும் இடும் குறிகள் எதிரெதிர்ப் பக்கம் வளைந்தவை. அச்சுக்கோப்பு மென்பொருள் இரண்டையும் ஒரே மேற்கோள் குறியாக்கிவிடும். வாசித்துப் பிடிக்க முடியாது, கண் பழகிவிட்டிருக்கும். அய்ன் வரும் பெயர்களைத் தனித்தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். அடிக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.