மணிக்கு ஆறரை ரூபா

ஆபீஸ்ல நாள் பூரா டேலின்ற கணக்கு சாஃப்ட்வேர்ல உக்காந்து ஊரான் கணக்க எல்லாம் பாக்குறேன், வீட்டுல அம்மாவோட ஆட்டு கணக்கு மட்டும் யாரும் பாத்ததே இல்ல. போன ஞாயித்துக்கிழமை கரண்டு இல்ல, நெட்டும் இல்ல, சரின்னு நோட்ட எடுத்து உக்காந்துட்டேன். அம்மாவுக்கு எழுத படிக்க வராது ஆனா எந்த ஆட்ட எவ்ளோக்கு வித்தோம்னு கேட்டா ரெண்டு வருஷம் முன்னாடி உள்ளதையும் பாக்கி சில்லறையோட சொல்லும்.

நாங்க இருக்குறது பெங்களூரு, ஆனா சினிமால காட்டுற பெங்களூரு இல்ல. அத்திப்பள்ளி பக்கம், ஆனேக்கல் தாலுகா, இன்னும் கொஞ்சம் போனா ஓசூர். அப்பா பொம்மசந்திரால ஃபேக்டரி வேலை, நான் எலக்ட்ரானிக் சிட்டி. அம்மா பாலக்கோட்டுல பொறந்து ஆட்டோட வளந்தது. 2011ல தமிழ்நாட்டுல ஏழைங்களுக்கு வீட்டுக்கு நாலு ஆடு இலவசமா குடுத்தாங்கல்ல, அப்ப எங்க பெரியம்மாவுக்கு கெடச்சுது, எனக்கு கெடைக்கலயேன்னு அம்மா அன்னைக்கு ஆரம்பிச்ச பொலம்பல் பத்து வருஷத்துக்கு மேல ஓடி கடைசில சீட்டு பணம் கைக்கு வந்த அன்னைக்கு சந்தைல போய் மூணு சினை ஆட்டோட வந்து எறங்குனதுல முடிஞ்சுது.

மூணு ஆடு 31,500. கொட்டாய் போட ஷீட்டு, வலை, வெல்டிங் கூலி எல்லாம் சேத்து 22,000. ஆக மொதல் 53,500. தரைல இருந்து ரெண்டடி தூக்கி பலகை அடிச்சு பரண் மாதிரி போட்டோம், புழுக்கையும் மூத்திரமும் கீழ விழுந்துரும் ஆட்டுக்கு கால் ஈரமாகாது, சளி பிடிக்கறது கொறையும். இந்த ஒரு செலவுக்கு மட்டும் நான் வாதாடுனேன், அம்மா தண்டம்னுச்சு, இப்ப ஊர்ல இருந்து யார் வந்தாலும் அத தான் மொதல்ல காட்டும்.

யூடியூப்ல ஆட்டு கணக்கு சொல்றவங்கள பாத்துருப்பீங்க. சினை அஞ்சு மாசம், எட்டு மாசத்துக்கு ஒரு ஈத்து (பிரசவம்), ரெண்டு வருஷத்துல மூணு ஈத்து, ஒவ்வொரு தடவையும் ரெட்டக்குட்டி, அப்படியே பெருக்கிட்டே போய் கடைசில இனோவால ஏறி உக்காந்துருவாங்க. பேப்பர்ல அது தப்பில்ல. எங்க வீட்டுல இந்த ரெண்டு வருஷத்துல மூணு ஆட்டுக்கு ஒம்பது ஈத்து வந்துருக்கணும், வந்தது ஏழு. பருவத்துக்கு வந்தத ஒரு நாள் கவனிக்காம விட்டா இன்னொரு இருபத்தோரு நாள் காத்திருக்கணும், எங்ககிட்ட கிடா கெடையாது, பக்கத்து தெருக்காரர் கிடாகிட்ட ஓட்டிட்டு போகணும், அவர் வீட்டுல இல்லன்னா போச்சு. ஏழு ஈத்துல பதினொரு குட்டி, அதுல மூணு செத்துருச்சு. ஒண்ணு பொறந்தப்பவே, மத்த ரெண்டும் கழிச்சல்ல ஒரே வாரத்துல. ஆட்டுக்கொல்லி நோய்க்கு கவர்மெண்டுல இலவசமாவே ஊசி போடுறாங்க, 1962ன்ற கால்நடை ஆம்புலன்ஸ் நம்பருக்கு போன் பண்ணா வண்டியே வருது, அதெல்லாம் அந்த ரெண்டு போனதுக்கு அப்புறம் தான் எங்களுக்கு தெரிஞ்சுது.

ஆனா என்னால இன்னும் ஜீரணிக்க முடியாதது மூணு தாயாட்டுல ஒண்ணு, செவலை, போனது தான். எங்க தெருக்கோடில ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிஞ்சு மிஞ்சுன சோத்த அண்டாவோட கொண்டாந்து காலி சைட்டுல கொட்டிட்டு போயிட்டாங்க. செவலை கயித்த அத்துக்கிட்டு போய் வயிறு முட்ட தின்னுருச்சு. பாக்க நல்லா தான் இருந்துச்சு, சாயங்காலம் அசை போடல. அம்மா அத பாத்த ஒடனே மொகம் மாறிடுச்சு. அசை போடாத ஆடு பாதி செத்த ஆடுன்னு அம்மா சொல்லும். ஆட்டு வயிறு தழைக்கும் புல்லுக்கும் ஆனது, சோறோ மாவோ மொத்தமா போச்சுன்னா உள்ள சீக்கிரமா புளிச்சு ஆசிட் ஆயிரும், செரிக்க வைக்கற நுண்ணுயிர் எல்லாம் செத்துரும், ஒடம்புல இருக்க தண்ணி அம்புட்டும் வயித்துக்கு எறங்கிரும். ஆப்ப சோடா கரைச்சு ஊத்துனோம், ராத்திரி டாக்டர் ஒருத்தர் வந்து ஊசியும் குளுக்கோஸும் போட்டாரு. விடியகாலைல பல்ல கடிக்கற சத்தம், நறநறன்னு, அது வலில கடிக்கறதுன்னு அப்புறம் சொன்னாங்க. ஆறு மணிக்கு முடிஞ்சுது. மண்டபத்துல போய் கேட்டா "உங்க ஆட்ட நீங்க கட்டி வைங்க மேடம்"னாங்க. நியாயம் தான். இருந்தாலும் அண்டா சோறு.

மிச்சம் எட்டு குட்டில நாலு கிடா, நாலு பொட்டை. கிடாவுல ரெண்ட அவசரத்துக்கு யாவாரிகிட்ட தள்ளிட்டோம், 7,000, 6,800. இவங்க தராசு கொண்டு வரமாட்டாங்க, முதுகுல கைய வெச்சு அமுக்கி, இடுப்ப புடிச்சு ஒரு தூக்கு தூக்கி, பதினஞ்சு கிலோ தான் வரும்மான்னு ஒதட்ட பிதுக்குவாங்க. அந்த கிடாவ நான் பாத்ரூம் தராசுல ஏறி நின்னு தூக்கி பாத்தேன், என் வெயிட்ட கழிச்சா பதினெட்டரை. (என் வெயிட் கேக்காதீங்க.) மத்த ரெண்ட பக்ரீத் வரைக்கும் வெச்சிருந்து சிவாஜிநகர்ல இருந்து வந்த ஒரு பாய் குடும்பத்துக்கு நேரா குடுத்தோம், 14,000, 13,500. குர்பானிக்கு ஒரு வயசு முடிஞ்சிருக்கணும், கண்ணு காது காலுன்னு எதுலயும் கொறை இருக்கக்கூடாது, அவரு பல்ல பாத்தாரு, நடக்க விட்டு பாத்தாரு, பேரம் பேசவே இல்ல. பெங்களூருல தெனப்படி கறிக்கடைல கேட்டா கன்னடத்துல குரி, குரின்னு செம்மறியத்தான் தேடுவாங்க, நம்மாளுங்களுக்கு வெள்ளாடு தான் ஆடு.

ஒரு பொட்டை 5,200க்கு போச்சு, புழுக்கை நாப்பது மூட்டை, பூந்தோட்டக்காரங்க மூட்டை 60னு எடுத்துக்கிட்டாங்க, 2,400. மொத்த வரவு 48,900. செலவு தீவனம், கடலைக்கொடி, மக்காச்சோளம் 17,600, மருந்து டாக்டர் 4,300, கயிறு வாளி கண்டது கழியது 1,100. கைல நின்னது 25,900. கொட்டாய்ல இப்ப ரெண்டு தாயாடு, மூணு பொட்டக்குட்டி, இன்னைக்கு வித்தா 42,000 வரும். ரெண்டையும் கூட்டி மொதல கழிச்சா ரெண்டு வருஷ லாபம் 14,400.

இங்க நிறுத்திருக்கலாம். ஆபீஸ் புத்தி, கூலிய போட்டு பாத்தேன். காலைல கூட்டி அள்ளி, ஏரிக்கரைல தழை ஒடிக்க போய், அகத்தியும் சவுண்டலும் கட்டா கட்டி தலைல தூக்கிட்டு வந்து, சாயங்காலம் மேய்ச்சுட்டு வர, ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்னு கொறைச்சே வெச்சாலும் 2,190 மணி நேரம். மணிக்கு ஆறு ரூபா அம்பத்தேழரை காசு.

அம்மாகிட்ட சொன்னேன். முருங்கக்கீரை உருவிட்டு இருந்துச்சு, நிமிந்து கூட பாக்கல. "அந்த மூணு மணி நேரத்துக்கு வேற எவன் காசு குடுக்குறான், அவன் நம்பர குடு, நாளைக்கே போறேன்."

எனக்கு பதில் இல்ல. அம்பத்தெட்டு வயசு, மூட்டு வலி, கார்மெண்ட்ஸ்ல இந்த வயசுல சேத்துக்க மாட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு, நோட்டுல ஏறாதது, அந்த 6,800 ரூபா கிடா வித்தது தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் கடைசி நாள் அன்னைக்கு, காலைல போன் போட்டு பத்து மணிக்குள்ள பணம். யார்கிட்டயும் கைமாத்து கேக்கல, நகை அடகு போகல. ஆட்டுக்காச அரிசி டப்பாவுல வெக்கும், அப்பா அத தொடவே மாட்டாரு, வீட்டுல அம்மா யாரையும் கேக்காம செலவு பண்ற ஒரே பணம் அது தான்.

எங்க மாமா ஒருத்தர் இதெல்லாம் கேட்டுட்டு பெருசா பண்ணலாம்னு கெளம்பிட்டாரு. சென்ட்ரல் கவர்மெண்ட் கால்நடை மிஷன்ல நூறு ஆடு அஞ்சு கிடான்னு போட்டா பாதி மானியம், பத்து லட்சம் வரைக்கும். மாமா, ஒரு ஆட்டுக்கு நாளுக்கு மூணு நாலு கிலோ பச்சை வேணும், நூத்தஞ்சுக்கு முன்னூறு நானூறு கிலோ, இந்த அத்திப்பள்ளில சதுர அடி ரேட்டுல எங்க போய் புல்லு போடுவீங்கன்னு கேட்டேன். அஞ்சு ஆட்டுக்கு ஏரிக்கரை தழை ஓசி, நூறு ஆட்டுக்கு ஏது ஓசி? கோவிச்சுக்கிட்டாரு.

இத டைப் பண்ணிட்டு இருக்கப்பவே அம்மா போன். மச்சக்காரிக்கு மடி எறங்கிருச்சாம், ராத்திரிக்குள்ள போட்டுரும், தொப்புள்கொடில தடவ டிங்சர் வாங்கிட்டு வான்னுச்சு. போன தடவ வாங்குன பில்ல தேடிட்டு இருக்கேன், அத மருந்து செலவுல ஏத்துனேனான்னே ஞாபகம் இல்ல.