குதிகால் வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை: ஏழு மாதம் தள்ளிப்போட்ட கதை

காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலிக்கும். பத்துப் பதினைந்து அடி நடந்ததும் தணியும். வகுப்பு முடிந்து சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த சில நாட்களிலேயே எனக்கு இது தொடங்கிவிட்டது. அம்மா இதைக் குதிவாதம் என்றார். செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, வலிக்கும் காலை அதில் வைத்து வைத்து எடுக்கச் சொன்னார். அந்தச் சூடு இதமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையின் முதல் அடியை அது மாற்றவில்லை.

நான் போன ஒரு வலிச் சிகிச்சை மையத்தில் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி, "எலும்பு வளர்ந்திருக்கிறது" என்றார்கள். உடனே ஷாக்வேவ் எனப்படும் அதிர்வலைச் சிகிச்சைக்குப் பத்து சிட்டிங் என்று முன்பணம் கட்டச் சொன்னார்கள். அந்த எலும்பு முள் வலியே இல்லாத பலரின் குதிகாலிலும் இருக்கிறது என்பதும், குதி எலும்பிலிருந்து விரல்களை நோக்கி ஓடும் தடித்த சவ்வு நாட்பட்ட இழுவையால் சிதைவதே வலிக்குக் காரணம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பணத்தைக் கட்டாமல் வெளியே வந்ததற்குக் காரணம் அறிவன்று, அச்சம்.

பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். அதிர்வலை முதலில் வலிக்கான மருத்துவமாக வரவில்லை. விமானங்கள் செய்துவந்த டோர்னியர் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் ஆய்விலிருந்து வளர்ந்த கருவியைக் கொண்டு, 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைக் கத்தியின்றி உடைத்தார்கள். எலும்பும் தசைநாரும் அதன் பின்னரே வந்தன. குதிகால் வலிக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000-இல் ஒரு கருவிக்கு ஒப்புதல் அளித்தது. கல்லை உடைப்பதுபோல் இது குதிகாலின் முள்ளையும் உடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. அழுத்த அலைகள் திசுவைத் தூண்டிப் புதிய இரத்தக் குழாய்கள் உருவாக உதவுகின்றன, வலியைக் கடத்தும் நரம்பு முனைகளை மட்டுப்படுத்துகின்றன என்பதே இப்போதைய விளக்கம். இன்னொன்று, நம் ஊர் பிசியோதெரபி மையங்களில் பெரும்பாலும் இருப்பது காற்றழுத்தத்தால் ஒரு சிறு குண்டு முன்னும் பின்னும் பாய்ந்து தோலில் தட்டும் வகைக் கருவி. அதன் வலிமை தோலுக்கு அருகே மிகுதியாகவும் ஆழம் செல்லச் செல்லக் குறைந்தும் இருக்கும். ஆழத்தில் ஒரே புள்ளியில் அலையைக் குவிக்கும் கருவி வேறு. எது நமக்குத் தரப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பயன் இருக்கிறதா என்றால், ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2002-இல் ஆஸ்திரேலியாவில் 166 பேரிடம் செய்த ஆய்வில், உண்மைச் சிகிச்சைக்கும் பெயரளவில் தந்த சிகிச்சைக்கும் வேறுபாடே தென்படவில்லை. 2008-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், நாட்பட்ட வலி உள்ளவர்களில் 12 வாரங்களுக்குப் பின் ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். பெயரளவுச் சிகிச்சை பெற்றவர்களிலும் 42 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். இந்த இரண்டாவது எண்தான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது 2010-இல் வந்த இன்னொரு ஆய்வு. வலி தொடங்கி ஆறு வாரங்களுக்குள் வந்த 102 பேரில் ஒரு பகுதியினருக்கு அதிர்வலையும், மற்றவர்களுக்குப் பாதச் சவ்வை நீட்டும் பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டாம் மாதத்திலும் நான்காம் மாதத்திலும் பயிற்சி செய்தவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள். எனக்கு அப்போது வலி வந்து ஐந்து வாரம்.

ஆகவே காசில்லாத வழியைப் பிடித்தேன். காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே, வலிக்கும் காலை மறு முழங்கால்மேல் போட்டு, விரல்களைக் கணுக்காலை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. வீட்டிலும் வெறுங்காலுடன் டைல்ஸ் தரையில் நடப்பதை விட்டு, மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்புக்கு மாறினேன். ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னபோது தயங்கினேன். அதன் நிவாரணம் பெரும்பாலும் சில வாரங்களே நிற்கும் என்பதும், சவ்வு அறுந்துபோகவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்புண்டு என்பதும் ஒருபுறம். எனக்குச் சர்க்கரை இருப்பது மறுபுறம்.

டிசம்பரில் வலி பாதியாகக் குறைந்து, அதற்குமேல் குறையாமல் அப்படியே நின்றுவிட்டது. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடும் என்பதைப் படித்திருந்தும், நின்றே பாடம் நடத்துகிறவளுக்கு அந்த ஓராண்டு நீளமானது. ஜனவரியில் வேறொரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேனா என்று முதலில் கேட்டார். வாரம் ஒன்றாக மூன்றே சிட்டிங் போதும், ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய் என்றார். பயிற்சியை நிறுத்தினால் வரவேண்டாம் என்றும் சொன்னார். மரத்துப்போகும் ஊசி கேட்டேன், அது பலனைக் குறைக்கும் என்று மறுத்துவிட்டார். 2,000 தட்டுகளில் முதல் ஐந்நூறு, சுத்தியலால் அடிப்பதுபோல் இருந்தது. கூடவே, சுருட்டிய துண்டைக் கால்விரல்களுக்கு அடியில் வைத்து, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தேன். டென்மார்க்கில் சோதித்துப் பார்த்த முறையாம் அது.

மார்ச் இறுதியில் முதல் அடி வலியின்றி விழுந்தது. 4,500 ரூபாய்க்கு அதில் எவ்வளவு பங்கு, துண்டுக்கு எவ்வளவு, ஒன்பது மாதக் காலத்துக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மா எருக்கிலைக்கும் ஒரு பங்கு கேட்கிறார்.

இந்த மாதத் தொடக்கத்தில் இடது குதிகாலும் லேசாக முணுமுணுத்தது. அன்று காலையே, படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன், அந்தக் காலைத் தூக்கி முழங்கால்மேல் போட்டுக்கொண்டேன்.