பழைய படகின் கியர் ஆயில்: காட்பாடிப் பட்டறையில் பார்த்த வேலை

காட்பாடியில் எங்களுக்கு லாரிப் பட்டறை. கிரவுன் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைத் திருப்பிவிடும் பெரிய பற்சக்கரம்), கியர் பாக்ஸ் வேலைதான் அதிகம். பாலாற்றில் தண்ணீர் வந்தாலே செய்தியாகிற ஊருக்குப் படகு வேலை எங்கிருந்து வரும்? ஆனால் வந்தது. புதுச்சேரியில் சுற்றுலாப் படகு விடும் நண்பர் ஒருவர் பெங்களூரில் பழைய படகு ஒன்றை வாங்கி, டிரெய்லரில் ஏற்றி, ஆம்பூர் வழியாகக் கொண்டுவந்தார். இங்கிருந்து ஆரணி, செஞ்சி, திண்டிவனம் என்று போய்விடலாம். “போற வழிதானே மச்சான், கியர் ஆயிலை மட்டும் ஒரு தடவை பார்த்துடு” என்று பட்டறை முன்னால் நிறுத்திவிட்டார்.

படகு கோவாவில் ஓடியது, பிறகு பெங்களூரில் ஒரு ஷெட்டில் நெடுநாள் நின்றது. என்ஜின் படகுக்குள்ளே, கியர் பெட்டி மட்டும் பின்பலகைக்கு வெளியே தண்ணீரில் தொங்கும் அமைப்பு. இதைத்தான் ஸ்டெர்ன்டிரைவ் என்கிறார்கள். வோல்வோ பென்டா 1959-இல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த யோசனை இது. போட்டி பிராண்டான மெர்க்ரூசர் 1961-இல் வந்தது. எங்களிடம் வந்தது மெர்க்ரூசரின் ஆல்ஃபா ஒன், 1991-க்கு முந்தைய மாடல். என்ஜினிலிருந்து வரும் சுழற்சி மேல் பெட்டியில் ஒரு முறை கீழ்நோக்கித் திரும்பும், அடியில் இன்னொரு முறை பின்னோக்கித் திரும்பி, படகைத் தள்ளும் விசிறியான புரொப்பெல்லருக்குப் போகும். இரண்டு இடத்திலும் லாரி கிரவுனில் பார்க்கிற அதே மாதிரிப் பற்கள்தான். லாரி கிரவுன் எப்போதாவது மழைத் தண்ணீரில் இறங்கும், இதுவோ வேலை நேரம் முழுக்க முங்கியே கிடக்கும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதிலேதான் எல்லாப் பிரச்சினையும்.

விற்றவர் “ஆயில் இப்பத்தான் மாத்தினேன்” என்று சொல்லியிருந்தார். பழைய வண்டி விஷயத்தில் இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். விற்கிற நேரத்தில் ஏன் மாற்றினார்? மேலே இருக்கிற டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் பளிச்சென்றுதான் இருந்தது. நண்பருக்கு அதுவே போதும். எனக்குப் போதவில்லை. தண்ணீர் ஆயிலைவிடக் கனம். வண்டி நின்றுகொண்டே இருந்தால் அடியில் போய்த் தங்கிவிடும். மேலே நனைந்த குச்சியை வைத்து அடியில் இருப்பதைச் சொல்ல முடியாது. பிந்தைய மாடல்களில் படகுக்குள்ளே ஒரு ஆயில் பாட்டில் உண்டு. அதிலும் இதே கதைதான், பாட்டிலில் உள்ள ஆயில் அப்படியொன்றும் கலந்து சுற்றுவதில்லை.

டிரைவை, அதாவது வெளியே தொங்கும் அந்தக் கியர் பெட்டியை, செங்குத்தாக நிறுத்தி, இரவு முழுக்க அசைக்காமல் விட்டோம். காலையில் கண்ணாடி டம்ளரைக் கீழே பிடித்து, அடி டிரெயின் பிளக்கை (ஆயில் வடிக்கும் துளையின் அடைப்பை) முழுக்கக் கழற்றாமல் மரையில் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தினேன். முதலில் வந்தது ஆயில் இல்லை. கலங்கிய தண்ணீர், சொட்டுச் சொட்டாக. அதற்குப் பின்னால்தான் டீக்கடைக் காபி நிறத்தில் பாலாகிப்போன ஆயில் மெதுவாக இறங்கியது. மேலேயுள்ள வென்ட் பிளக்கை (காற்றுத் துளையின் அடைப்பை) திறந்துவிட்டதும் மிச்சமும் வந்தது. பழைய படகு வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள். பிளக்கைத் திறக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

டிரெயின் பிளக்கின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோல ஒட்டியிருந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்தேன், மொரமொரப்பு இல்லை. இந்தப் பசை எல்லாக் கியர் பெட்டியிலும் வரும், கவலை வேண்டாம். ஊசிபோலவோ செதில்போலவோ இரும்புத் துண்டு கிடைத்திருந்தால் பேச்சே வேறு, பற்களோ பேரிங்கோ போயிருக்கும். கருகிய வாடையும் இல்லை. குளிர் நாடுகளில் உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து பெட்டியையே பிளந்துவிடுமாம். வேலூர் வெயிலில் அந்தப் பயம் இல்லை, நமக்குத் துருதான் எமன்.

நண்பர் “சரி, புது ஆயிலை ஊத்திடு, கிளம்பறேன்” என்றார். விடவில்லை. தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியாமல் ஆயில் மாற்றினால் அடுத்த சீசனுக்குள் மறுபடியும் பால்தான். விற்றவரும் அதைத்தான் செய்திருந்தார்.

வெளியே எங்கும் ஆயில் கசிந்த தடமே இல்லை என்பதுதான் யோசிக்க வைத்தது. முதலில் இரண்டு பிளக்குகளின் வாஷர்கள். நசுங்கித் தட்டையாகிக் கிடந்தன. விலை சில ரூபாய். ஆயில் மாற்றும்போதெல்லாம் புதிது போட வேண்டியவை, யாரும் போடுவதில்லை. அதோடு நிறுத்தாமல் காற்றுச் சோதனைக்குப் போனோம். வென்ட் துளையில் திருகும்படி ஒரு நிப்பிள் வேண்டும். பிளக்கோ அங்குல மரை, நம்மிடம் கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர். பக்கத்து லேத் பாயிடம் பழைய பிளக்கைக் கொடுத்தேன். “தம்பி, படகா? எந்த ஏரியில விடப்போறீங்க?” என்று சிரித்துக்கொண்டே பித்தளையில் கடைந்து தந்தார்.

சைக்கிள் பம்பும் ஒரு பிரஷர் கேஜும் வைத்து 10 பிஎஸ்ஐ ஏற்றினோம். புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்த்தோம், சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உள்ள இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் அடித்தோம். முள் அசையவில்லை, குமிழியும் இல்லை. இங்கே பலர் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று மூடிவிடுவார்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்டில் இரண்டு ஆயில் சீல் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கும். உள்பக்கம் பார்ப்பது ஆயில் வெளியே போகாமல் பிடிக்கும், வெளிப்பக்கம் பார்ப்பது தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும். உள்ளே காற்று ஏற்றினால் உள்சீலின் உதடு ஷாஃப்டோடு இன்னும் இறுக்கமாகத்தான் ஒட்டும். வெளிசீல் கிழிந்திருந்தாலும் கேஜ் காட்டிக்கொடுக்காது. படகு ஓடும்போது பெட்டி சூடாகும். கரையில் நிறுத்தியதும் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று ஆறும், உள்ளே இருக்கிற காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். தண்ணீர் உள்ளே போவது அந்த நேரத்தில்தான். ஆகவே உறிஞ்சியும் பார்க்க வேண்டும். தெருமுனை ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் வேக்குவம் பம்பை இரவல் வாங்கி, லேசாக மட்டும் உறிஞ்சிவிட்டு வால்வை மூடினோம். முள் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. ஷாஃப்டைச் சுற்றினால் இன்னும் வேகமாக. ஷாஃப்ட் சீல் மேல் கெட்டியாகக் கிரீஸ் அப்பியதும் முள் நின்றுவிட்டது. வேறெங்கும் தேட வேண்டிய தேவை இல்லை.

நட்டைக் கழற்றி, புரொப்பெல்லரை எடுத்து, அதன் பின்னால் இருக்கும் திரஸ்ட் வளையத்தையும் இழுத்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. தூண்டில் நரம்பு! ஷாஃப்டைச் சுற்றி இறுக்கமாக நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு, சூட்டில் உருகிச் சீலுக்குள் அறுத்துக்கொண்டு போயிருந்தது. பிளேடால் கீறித்தான் எடுக்க முடிந்தது. மீன்பிடிக்கிற தண்ணீரில் படகு விடுகிறவர்கள் புரொப்பெல்லரை அடிக்கடி கழற்றிப் பார்ப்பது இதற்காகத்தான்.

சீலைத் தாங்கும் கேரியரைக் கழற்றியதுதான் பெரும்பாடு. உப்புத் தண்ணீரில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, பெரிய வளைய நட்டு அசைய மறுத்தது. துருநீக்கி அடித்து ஊறவைத்து, சுற்றிலும் இதமாகச் சூடு காட்டி, புல்லர் போட்டு இழுத்தோம். சுத்தியலால் அடித்துவிடலாம் என்று பையன்கள் துடித்தார்கள். அலுமினியம் பிளந்தால் இந்த ஊரில் வேறு பெட்டிக்கு எங்கே போவது?

கேரியர் வெளியே வந்ததால் பற்களையும் பார்க்க முடிந்தது. பேரிங்கில் லேசான நிறமாற்றம் மட்டும், துருக்குழி இல்லை. ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். மினுக்கமான ஒரு கோடு தெரிந்தது, ஆனால் நகம் மாட்டவில்லை. மாட்டியிருந்தால் புதுச் சீல் போட்டும் பிரயோஜனம் இல்லை. டயல் கேஜ் வைத்துச் சுற்றியதில் ஷாஃப்ட் வளைந்திருக்கவும் இல்லை. சீலின் அளவைப் பார்த்து வேலூர்க் கடைகளில் கிடைத்ததைத் திணிக்கும் ஆசை வந்தாலும், சென்னையிலிருந்து ஒரிஜினல் செட்டையே பார்சலில் வரவழைத்தோம். ஆயிலும் அப்படித்தான். லாரிக்கு ஊற்றுகிற 90 நம்பர் ஆயிலும் தாங்கும் என்பார்கள். ஆனால் படகுக்கென்று வரும் கியர் ஆயிலில் துருவைத் தடுக்கவும் கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் பற்களைக் காக்கவும் தனிச் சரக்குச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு லிட்டர்கூடப் பிடிக்காத பெட்டிக்குக் கஞ்சத்தனம் எதற்கு?

சீல் மாற்றிய பின் உறிஞ்சியும் ஏற்றியும் பார்த்தோம், இரண்டிலும் முள் நின்றது. உள்ளே கழுவ டீசல் ஊற்றலாம் என்ற யோசனையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூலைகளில் தங்கி நல்ல ஆயிலையும் நீர்க்க வைக்கும். லாரி ஆயிலையே ஒரு முறை நிரப்பி, என்ஜினை ஐடிலில் கொஞ்ச நேரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்தோம். இந்த மாடலில் தண்ணீர் பம்ப் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது, அதில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ரப்பர். தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் நொடிகளில் கருகும். டிரைவின் இரண்டு பக்கத் துளைகளிலும் ரப்பர் கிண்ணம் மாட்டி, மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் இழுத்து, தண்ணீர் வருவதை உறுதி செய்த பிறகே சாவியைத் திருப்பினோம். கோடையில் தொட்டித் தண்ணீர் தெருவில் ஓடுவதைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா கொடுத்த வசவு தனி.

நல்ல ஆயிலை மேலிருந்து ஊற்றக் கூடாது, காற்று அடைபடும். அடித் துளையில் பம்பை மாட்டி மெதுவாக ஏற்ற வேண்டும். வென்ட் வழியே குமிழி வருவது நின்று ஆயில் சீராக வழியும்வரை பொறுக்க வேண்டும். முதலில் வென்ட் பிளக்கை மூடு, அப்புறம்தான் பம்பைக் கழற்று. மேலே மூடியிருப்பதால் அடியில் ஆயில் உடனே கொட்டாது. அதற்குள் டிரெயின் பிளக்கைத் திருகிவிடலாம். சிறிது நேரம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்துக் குறைந்ததைச் சேர்த்தோம்.

வருடத்துக்கு ஒரு முறை அல்லது 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்லி நண்பரிடம் எழுதியே கொடுத்தேன். தண்ணீரில் இறக்கிய முதல் வாரமே அடிப் பிளக்கைத் தளர்த்தி, டம்ளரில் பிடித்து, போட்டோ அனுப்பினார். சுத்தமான ஆயில். பெங்களூர்க்காரரிடம் சீலுக்கும் கூலிக்கும் பாதிப் பணம் கேட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார், இன்னும் வரவில்லை.