போர்ட் ஓ ஷுவா: சீல் வேட்டைக்காரர்களின் புல்வெளி

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போகிறவர்கள் குரோஸ் மோர்ன் மலைகளைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் இன்னும் வடக்கே வைக்கிங்குகள் தங்கிய லான்ஸ் ஓ மெடோஸுக்கு ஓடுவார்கள். நடுவில் மேற்குக் கரையோரம் இருக்கும் போர்ட் ஓ ஷுவாவில் நின்று பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். வைக்கிங்குகள் அந்தத் தீவில் இருந்தது கொஞ்ச காலம்தான். இங்கே சீல் என்னும் கடல்நாயை வேட்டையாடியவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

டீர் லேக்கில் கார் எடுத்து 430ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வழியில் கவ் ஹெட் என்றொரு சின்ன ஊர் வரும். அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள், வேட்டைக்காரர்கள் ஈட்டி முனை செதுக்கிய செர்ட் என்ற கடினமான கல் அந்தப் பக்கத்துப் பாறைகளில் கிடைப்பதுதான்.

பாயிண்ட் ரிச் கலங்கரை விளக்கத்திலிருந்து கடலோரமாக நடந்தோம். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, காற்றடித்து முறுக்கிக் குட்டையாகிப்போன ஸ்புரூஸ் மரங்கள், அப்புறம் திடீரென்று பச்சைப்பசேலென ஒரு புல்வெளி. அதுதான் ஃபிலிப்ஸ் கார்டன். உற்றுப் பார்த்தால் புல்லில் அங்கங்கே ஆழமில்லாத பள்ளங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு வீடு இருந்த இடம். இப்படி 50க்கும் மேல் இருக்கின்றன. சுமார் 2000 முதல் 1300 ஆண்டுகளுக்கு முன்பு வரை இங்கே வந்து தங்கியவர்களை டோர்செட் மக்கள் என்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் இல்லாத செழிப்பு இந்தப் புல்லுக்கு மட்டும் வந்ததற்குக் காரணம், அவர்கள் வெட்டிக் கழித்த சீல்களின் எலும்பும் கொழுப்பும் மண்ணில் மக்கி உரமானதுதான்.

எல்மர் ஹார்ப் என்ற தொல்லியலாளர் இங்கே முதலில் விரிவாகத் தோண்டினார், பிறகு 1984 முதல் பிரிசில்லா ரெனூஃப் பல ஆண்டுகள் உழைத்தார். தீவின் மற்ற இடங்களில் அமில மண் எலும்பைத் தின்றுவிடும். இங்கே சுண்ணாம்பு காப்பாற்றியிருக்கிறது. கிடைத்த எலும்புகளில் மிகப் பெரும்பகுதி சீல், அதுவும் முக்கியமாக ஹார்ப் சீல் என்ற வகை (தொல்லியலாளர் ஹார்ப்புக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை).

ஏன் இந்த இடம்? ஹார்ப் சீல்கள் ஆர்க்டிக்கிலிருந்து டிசம்பர் வாக்கில், தீவுக்கும் கனடாப் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள பெல் ஐல் நீரிணை வழியாகத் தெற்கே இறங்கும், பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் மிதக்கும் பனிப்பாளத்தில் குட்டி போடும், காற்றும் நீரோட்டமும் சரியாக அமைந்தால் அந்தப் பனியைக் கடலுக்குள் நீண்டிருக்கும் இந்த முனையின் பக்கமே தள்ளிக்கொண்டு வரும். கூட்டம் வரும் நாட்கள் கொஞ்சம், கிடைப்பது ஏராளம். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள்தான் இத்தனை வீடுகளை ஒரே இடத்தில் கட்டியிருக்க முடியும்.

டோர்செட் மக்களிடம் வில் அம்பு இல்லை. ஹார்ப்பூன் என்ற வார் கட்டிய எறியீட்டிதான். எறிந்ததும் அதன் தலை மட்டும் தண்டிலிருந்து கழன்று சீலின் தோலுக்கடியில் தங்கிவிடும், கட்டியிருக்கும் வாரை இழுக்க இழுக்க அது குறுக்காகத் திரும்பி இன்னும் இறுகும். வளர்ந்த சீல் நூறு கிலோவைத் தாண்டும். வழுக்கும் பனியில் நின்றுகொண்டு அதைப் பிடித்து நிறுத்துவதை நினைத்தாலே எனக்குக் கை கூசுகிறது.

கொழுப்பை விளக்கில் எரித்தார்கள். விளக்கும் சமையல் பாத்திரமும் மாக்கல்லில் குடைந்தவை, நம் கல்சட்டி செய்கிற அதே வகைக் கல். பக்கத்தில் பாஸ் பாண்ட் என்று ஒரு குளம் இருக்கிறது. முடி கழிப்பதற்காகச் சீல் தோல்களை அதில் ஊறப்போட்டிருக்கலாம் என்று குளத்தின் அடிச்சேற்றை ஆராய்ந்த ரெனூஃப் குழு கருதியது. வேட்டையைவிட இந்த வேலைக்குத்தான் அதிகக் கைகள் தேவைப்பட்டிருக்கும், அதைச் செய்தவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பிறகு கடல் வெதுவெதுப்பாகி, பனி நம்ப முடியாததாக ஆனபோது இந்த வாழ்க்கை குலைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எப்படியோ, டோர்செட் மக்கள் தீவிலிருந்தே மறைந்துவிட்டார்கள்.

போகிறவர்கள் முதலில் பார்வையாளர் மையத்தில் ஹார்ப்பூன் தலைகளைப் பார்த்துவிட்டு அப்புறம் புல்வெளிக்குப் போங்கள், இல்லாவிட்டால் பள்ளங்கள் வெறும் பள்ளங்களாகத்தான் தெரியும். மையம் கோடையில் மட்டும் திறந்திருக்கும். ஜூலையிலும் காற்றுத் தாங்காது, தடித்த ஜாக்கெட் அவசியம்.