ரி சேரும் வரை: ஊர் பேண்டில் பதினான்கு மாதம்

சோமனூர் பக்கம் எங்களுக்கு 12 விசைத்தறி ஓடுகிறது. கூலிக்குத்தான். பாவு நூல் கொண்டுவந்து இறக்குவார்கள், துணியாக்கி அனுப்புவோம். எனக்கு வயது 43. போன வருடம் சித்திரையில் ஊர் பேண்டில் சேர்ந்து யூஃபோனியம் பழக ஆரம்பித்தேன். இந்த ஆனியோடு பதினான்கு மாதம் ஆகிறது. எது பிடிபட்டது, எது இன்னும் பிடிபடவில்லை என்று உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. நாதஸ்வரமோ வீணையோ பழகுகிறவர்களுக்கு ஆள் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. பித்தளை வாத்தியம் பழகுகிறவர்களுக்குத் தமிழில் படிக்க அவ்வளவாகக் கிடைப்பதில்லை. யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

எங்கள் பேண்டில் 17 பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. டீக்கடை அண்ணன் ட்ராம்போன், ஆரம்பப் பள்ளி டீச்சர் அக்கா கிளாரினெட், காலேஜ் பையன்கள் மூன்று பேர் ட்ரம்பெட். எங்கள் தறியிலேயே வேலை பார்க்கிற பீகார் தம்பியும் ட்ரம்பெட்தான். அவர் ஊரில் கல்யாண ஊர்வலங்களில் வாசித்தவர். எங்கள் எல்லோரையும்விட மூச்சு அவருக்குத்தான் நிற்கும். வாத்தியார் போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூடினால் பொழுது இறங்கும் வரை நடக்கும்.

முதல் நாளே வாத்தியார் ஒரு கட்டு போட்டுவிட்டார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாம் போகக் கூடாது. அதை நம்பி எத்தனையோ பேண்டு செட்டுக்காரர்களும் மேளக்காரர்களும் அடுப்பு எரிக்கிறார்கள். நாம் ஆசைக்கு ஊதுகிறோம் என்று சும்மா போய் நின்றால் அவர்கள் சோற்றில் கை வைத்ததாகிவிடும். பள்ளிக்கூடக் கொடியேற்றம், ஊர்க் கோயில் நோம்பி, அவ்வளவுதான். எனக்கு இது முழுக்க முழுக்கச் சரி என்று படுகிறது. சும்மா வாசிக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியதே இதைத்தான்.

யூஃபோனியம் பார்க்க ட்யூபா என்கிற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தின் தம்பி மாதிரி இருக்கும். மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், வாய் மேலே பார்த்திருக்கும். ட்ரம்பெட்டின் குழாயைச் சுருள் பிரித்து நீட்டினால் சுமார் 1.4 மீட்டர் வரும், இது 2.7 மீட்டர். அதனால் ட்ரம்பெட்டுக்கு ஒரு ஸ்தாயி கீழே பேசும். என்னுடையது மீரட்டில் செய்தது, வாத்தியார் வீட்டுப் பரணில் கிடந்தது. வாய் ஓரத்தில் ஒரு நசுங்கல். அம்மா பார்த்துவிட்டு, "புளி போட்டுத் துலக்கிக் குடுக்கட்டுமா சாமி?" என்று கேட்டார். நல்லவேளை வாத்தியார் பக்கத்தில் இருந்தார். மேலே வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, புளி பட்டால் போய்விடும் என்றார். ஈரத்துணியும் உலர்ந்த துணியும் போதும்.

முதல் மாதம் வாத்தியத்தைத் தொடவே விடவில்லை. உதட்டில் வைத்து ஊதுகிற மவுத்பீஸை மட்டும் கழற்றிக் கையில் பிடித்து, உதட்டைச் சேர்த்து 'பர்ர்ர்' என்று அதிர வைக்க வேண்டும். சத்தம் உண்டாவது உதட்டில்தான், குழாய் அதை எடுத்துப் பெரிதாக்குகிறது. அப்புறம் வாத்தியத்தில் மாட்டிக் கொடுத்தபோது ஓர் ஆச்சரியம். ஒரு பொத்தானையும் அழுத்தாமல், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் மட்டுமே ச, ப, மேல் ச, அதற்கும் மேலே க, ப என்று படிப்படியாகச் சுரங்கள் வந்தன. கோயிலில் ஊதுகிற கொம்பும் இந்தக் கணக்கில்தான் பேசுகிறது. நடுவில் உள்ள சுரங்களுக்குத்தான் அந்தப் பொத்தான், அதாவது வால்வு. 1818-ல் ஸ்டோல்செல், ப்ளூமெல் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். வால்வை அழுத்தினால் காற்று கூடுதலாக ஒரு குழாயைச் சுற்றிக்கொண்டு போகும், சுரம் இறங்கும். இரண்டாவது வால்வு அரைச் சுரம் இறக்கும், முதலாவது இரண்டு அரைச் சுரம், மூன்றாவது மூன்று.

வாத்தியார் என் நோட்டில் எழுதிக் கொடுத்தது இப்படி: ச 0, ரி 13, க 12, ம 1, ப 0, த 12, நி 2, ச 0. 0 என்றால் எதையும் அழுத்த வேண்டாம், 13 என்றால் முதலாவதும் மூன்றாவதும் சேர்த்து. சங்கராபரணம். விரல் மூன்று வாரத்தில் பழகிவிட்டது. ரி மட்டும் சேரவே இல்லை.

"தம்பி, ரி ஏறி நிக்குதுங்க பாருங்க" என்பார் வாத்தியார். எனக்குக் கேட்காது. இருபது வருடம் தறிச் சத்தத்தில் நின்ற காது. பக்கத்தில் இருப்பவரே கத்தினால்தான் விளங்கும். சுருதி பார்க்கிற வேலை நமக்கு ஆகாது என்று ஆவணி வாக்கில் விட்டுவிடக்கூட நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் டீச்சர் அக்கா ஒரு காரியம் செய்தார். கிளாரினெட்டில் அவர் ச பிடித்துக்கொண்டார், என்னையும் அதே ச பிடிக்கச் சொன்னார். இரண்டும் சேர்ந்தபோது நடுவில் 'வவ்... வவ்... வவ்' என்று ஏதோ அலை அடித்தது. அதைக் கேளுங்கள், சுரத்தைக் கேட்காதீர்கள் என்றார். ப்ளஸ் டூ பௌதிகத்தில் விம்மல் என்று படித்தது அதுதான். அக்காவின் ச நொடிக்கு 233 அதிர்வு, என்னுடையது 235 என்றால், நொடிக்கு இரண்டு விம்மல். இரண்டும் நெருங்க நெருங்க விம்மல் மெதுவாகும், ஒன்றானால் நின்றுவிடும்.

இது எனக்குப் புதிதே இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தறி இரண்டும் ஒரே வேகம் போலத்தான் தெரியும். ஒன்று நிமிடத்துக்கு 130 அடி, இன்னொன்று 128. அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டின் அடியும் ஒன்றாக விழும், பிறகு விலகும், மறுபடி சேரும். ஒரு தறியின் பெல்ட் தளர்ந்தால் நான் உள்ளே போகாமலே வாசலில் இருந்து சொல்லிவிடுவேன். வீட்டுக்காரியும் சொல்லுவாள்: "ஏனுங்க, மூணாந்தறி இன்னைக்குச் சேரலையே?" அந்தக் காதைத்தான் இத்தனை நாளும் தறியோடு விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தேன். மறுநாளே காதில் தக்கை வைத்துக்கொண்டுதான் தறிக்குள் போவது என்று ஆரம்பித்தேன். வேலை செய்கிற எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தேன். பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

சரி, ரி ஏன் ஏறி நிற்கிறது? காது கேட்க ஆரம்பித்த பிறகு காரணம் தெரிந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. டேப் வைத்து அளந்தேன், கணக்கும் போட்டேன். 270 செ.மீ. குழாய்க்கு முதல் வால்வு கூட்ட வேண்டியது 33 செ.மீ., மூன்றாவது 51. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 84. ஆனால் ப-விலிருந்து ஐந்து அரைச் சுரம் இறங்கி ரி-க்கு வர 90 செ.மீ. வேண்டும். முதல் வால்வை அழுத்தியதுமே குழாய் நீண்டுவிட்டது. நீண்ட குழாய்க்கு மூன்றாவதும் அதற்கேற்ப நீளமாக இருக்க வேண்டும், ஆனால் அது பழைய அளவிலேயே இருக்கிறது. ஆறு செ.மீ. பற்றாக்குறை. பாவு ஆறு செ.மீ. குறைந்தால் எந்தத் துணிக்காரர் ஒப்புக்கொள்வார்? விலை கூடின யூஃபோனியங்களில் இந்தக் குறையைத் தானாகச் சரிக்கட்ட ஏற்பாடு உண்டு. நாலாவது வால்வு இருந்தால் 13-க்குப் பதில் அதை அழுத்தலாம். என்னுடையது மூன்று வால்வு.

மூன்றாவது வால்வின் சிறு குழாயை வெளியே இழுத்துவைப்பதுதான் வழி. ஒரு செ.மீ. இழுத்தால் போக ஒன்று, வர ஒன்று, இரண்டு செ.மீ. கூடும். முழுசாக மூன்று செ.மீ. இழுத்தால் ரி சரியாகும், ஆனால் 23 அழுத்துகிற சுரங்கள் தாழ்ந்துவிடும். நான் ஒன்றரையில் நிறுத்தி, மீதியை உதட்டைத் தளர்த்திச் சேர்க்கிறேன். வாத்தியார் பேனாவால் குழாயில் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

மார்கழியில் ஒரு தப்பு செய்தேன். வால்வு எண்ணெய் தீர்ந்துபோயிற்று. திருப்பூர் போய் வாங்க நேரமில்லை, வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டேன். சாயங்காலம் நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் விடியற்காலை எடுத்தால் மூன்று வால்வும் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், எங்கள் பக்கத்து மார்கழி விடியலைக் கேட்கவே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, பஞ்சு வராத துணியில் துடைத்து, மண்ணெண்ணெய் மாதிரி நீர்த்திருக்கிற வால்வு எண்ணெய் விட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. கழற்றுகிறவர்கள் கவனிக்க: வால்வு மேலேயே 1, 2, 3 என்று வெட்டியிருக்கும். மாற்றிப் போட்டால் காற்று போகாது.

அதே மாதம் மவுத்பீஸ் உள்ளே சிக்கிக்கொண்டது. காலேஜ் பையன் ஒருவன் கட்டிங் பிளேயரைக் கொண்டு வந்துவிட்டான். முறுக்கினால் குழாயே கிழிந்துவிடும் என்று வாத்தியார் தடுத்துவிட்டார். கருமத்தம்பட்டியில் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பம்பு, மோட்டார் வேலை நடக்கிற கோவைப் பக்கத்தில் லேத்துக்கா பஞ்சம்? பட்டறைக்காரர் வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு இரும்புத் தகட்டில் அரைவட்டம் வெட்டி, நடுவில் இரண்டு போல்ட் கோத்தார். ஒரு தகடு மவுத்பீஸ் விளிம்புக்கு அடியில், மற்றது குழாயின் கழுத்தில். போல்ட்டை இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று. ஐந்தாவது கால் சுற்றில் 'டிக்' என்று கழன்றது, ஒரு கீறல் இல்லை. காசு வாங்கவில்லை. "நாங்க சின்ன வயசுல மாதா கோயில் தேருக்குப் பேண்டு வந்தா பின்னாடியே போவோமுங்க" என்றார். அடுத்த ஞாயிறு அவரே பயிற்சிக்கு வந்து நின்றார். இப்போது பாஸ் டிரம் அவர்தான்.

ஜனவரி 26 கொடியேற்றம் எங்களுக்கு முதல் அரங்கேற்றம். தேசிய கீதம் 52 விநாடியில் முடிய வேண்டும். முதல் ஒத்திகையில் 66 விநாடி வந்தது. மெட்டு வாசிக்கிறவர்கள் மூச்சு வாங்குகிற இடத்திலேயே எல்லோரும் மூச்சு வாங்கியதுதான் காரணம். நாங்கள் கீழ்க்குரல்காரர்கள் அங்கே பிடித்துக்கொண்டு, வேறு இடத்தில் மாறி மாறி மூச்சு எடுத்தால் பாட்டு தொங்காது. இதைப் பழகத்தான் ஆறு வாரம். அன்று காலை 54-ல் முடித்தோம். குளிரில் குழாய்க்குள் காற்று சில்லென்று இருந்தால் சுருதி இறங்கிவிடும். கொடி ஏற்றுவதற்கு முன் கால் மணி நேரம் எல்லோரும் சத்தமில்லாமல் வெறுங்காற்றை உள்ளே ஊதிக்கொண்டு நின்றோம்.

அப்புறம் நொட்டுஸ்வரம். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) சென்னை மணலியில் இருந்தபோது கும்பினிப் படையின் பேண்டு மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். எல்லாம் சங்கராபரணம், சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் அநேகமாக இல்லை. வால்வு வாத்தியத்தில் கமகம் பெரும்பாடு. இவை பேண்டிலிருந்து போய்ச் சாகித்தியமாகித் திரும்பவும் பேண்டுக்கு வருகிறவை, அதனால் கையில் அப்படியே உட்காருகின்றன. புதிதாகப் பழகுகிற எந்த ஊர் பேண்டுக்கும் இதைத்தான் முதலில் சொல்லுவேன். சினிமாப் பாட்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பங்குனியில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, தீர்த்தக்குடம் எடுத்து வந்த அன்று நடந்துகொண்டே வாசித்தோம். துடும்பு மேள செட்டை ஊர்ப் பணத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் ஓய்கிற இடத்தில் மட்டும் நாங்கள். நடந்து ஊதுவது தனி வித்தை. குதிகால் தரையில் இடித்தால் மவுத்பீஸ் உதட்டில் இடிக்கும், முழங்காலைத் தளர்த்தி வழுக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வெயிலில் சுருதி ஏறிக்கொண்டே போக, பெரிய குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தோம். இரவு வீடு வந்தபோது உதட்டில் வட்டமாகத் தடம், அரிசியும்பருப்புஞ்சோற்றின் காரம் அதில் பட்டு எரிந்தது.

அன்றைக்குக் கோயில் முன்னால் கடைசிப் பாட்டில் நீளமான ரி ஒன்று வரும். நான் கீழே, பீகார் தம்பி மேல் ஸ்தாயியில். முதலில் விம்மல் வேகமாக அடித்தது. உதட்டைத் தளர்த்தினேன், மெதுவானது, இன்னும் மெதுவானது, நின்றது. அந்த நொடியில் என் வாத்தியம் கையில் மொத்தமாக அதிர்ந்தது, சத்தம் என்னிடமிருந்து வருகிறதா அவரிடமிருந்தா என்றே தெரியவில்லை. அவர் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமல் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

இப்போதைய நிலவரம்: கீழ் ஸ்தாயியில் 123 அழுத்துகிற சுரம் இன்னும் ஏறித்தான் நிற்கிறது. ஒரே மூச்சில் 18 விநாடி பிடிக்கிறேன், வாத்தியார் 25 கேட்கிறார். ஒன்பதாவது படிக்கிற பெண் பிள்ளை ஒன்று போன வாரம் யூஃபோனியம் வேண்டும் என்று வந்தது. பரணில் இன்னொன்று இருக்கிறதாம், வால்வு ஸ்பிரிங் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு எடுத்துப் போகிறேன்.