பூட்டன் பெயர்

அப்பா 2023 இல் யாழ்ப்பாணத்தில் காலமானார். விசா அலுவல் முடியாததால் லண்டனிலிருந்து என்னால் போக முடியவில்லை. கொள்ளி வைத்ததும், 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்ததும் அண்ணாதான். எல்லாவற்றையும் நான் கைபேசியில்தான் பார்த்தேன். ஆட்டைத் திவசம், அதாவது முதலாம் வருடத் திவசம், முடிந்து வரும் முதல் ஆடி அமாவாசையை என் கையாலேயே செய்ய வேண்டும் என்று அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டேன்.

அது 2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை வந்தது. லீவு கேட்கத் தேவையில்லை, ஆனால் நேரம் இடித்தது. திருக்கணித பஞ்சாங்கப்படி ஊரில் அமாவாசை பின்னேரம் 4.43 வரை. சூரியனும் சந்திரனும் சேரும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே, மணிக்கூடுதான் வேறு. லண்டனில் அது மதியம் 12.13. ஊரில் ஆறுதலாகச் சமைத்து ஒரு மணிக்குப் படைக்கலாம். இங்கே பன்னிரண்டுக்குள் இலை போட்டாக வேண்டும்.

காலையில் முதலில் கோவில். ஐயர் மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் போட்டுவிட்டு, தகப்பனார் பெயரைக் கேட்டார். சொன்னேன். பேரன், அதாவது அப்பப்பா பெயர்? சொன்னேன். பூட்டன்?

எனக்கு வாய் வரவில்லை. தர்ப்பணம் மூன்று தலைமுறைக்கு என்று தெரியும். ஆனால் அப்பப்பாவின் அப்பா யார் என்று அப்பா இருந்த காலத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு எடுத்தேன். அவருக்கும் தெரியவில்லை.

"பொறு தம்பி, பெரிய மாமியிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

ஐயர் பொறுமையாக அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் பவித்திரத்தோடு சுவரோரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மா திருப்பி எடுத்து, பெயரை இரண்டு தரம் சொன்னார். அந்த மனிதருக்கு ஒரு படம்கூட இல்லை. அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல இன்று ஊரில் ஒருவரும் இல்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் எள்ளும் தண்ணீரும் விட்டு அவர் பெயரைச் சொன்னபோது எனக்குக் குரல் அடைத்துவிட்டது. ஈரத்தில் ஒட்டிய இரண்டு கறுப்பு எள்ளு வீடு வரும்வரை உள்ளங்கையிலேயே இருந்தன.

வீட்டில் மனைவி மரக்கறிகளை முடித்திருந்தாள். வாழைக்காய், பூசணி, பயற்றங்காய், பருப்பு, எல்லாம் ஈஸ்ட்ஹாம் கடைகளில் வாங்கியவை. காத்தோட்டிக்காய் மட்டும் அகப்படவில்லை. ஊரில் அது இல்லாமல் ஆடி அமாவாசைச் சமையல் இல்லை. அந்தக் கைப்பை அப்பா சோற்றோடு பிசைந்து விருப்பமாகச் சாப்பிடுவார். "பாவக்காய் வையுங்கோ, கைப்பு இருந்தால் சரி" என்றார் அம்மா. அப்படியே செய்தோம்.

அப்பாவின் படத்துக்கு முன்னால் பதினொன்றே முக்காலுக்குப் படைத்தோம். அப்புறம் காகத்துக்கு ஒரு பிடி எடுத்துப் பின்வளவு மதிலில் வைத்தேன். எங்கள் ஊர்க் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம். இங்கத்தையது அண்டங்காகம் போல முழுக்கறுப்பு, குரலும் தடித்தது. கா கா என்று கூப்பிட்டால் இதற்கு விளங்குமா என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து ஒன்று இறங்கி, சோற்றைச் சுற்றி நடந்து, முதலில் பாகற்காயைத்தான் கொத்தியது.

அம்மாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "இனி நீயும் சாப்பிடு, விரதம்" என்றார்.

பூட்டன் பெயரை நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எங்களில் தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. அந்த நாள் என் நாட்காட்டியில் இன்னும் கனகாலம் வெறும் பௌர்ணமியாகவே இருக்க வேண்டும்.