பி.எட். வகுப்பு தொடங்குமுன் கிடைத்த மாதங்கள்

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு பி.எட். சேரக் காத்திருப்பவர்களுக்கு நடுவில் சில மாதங்கள் கிடைக்கும். கடைசி செமஸ்டர் முடிவதும் பி.எட். சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்குவதும் ஒட்டி ஒட்டி வருவதில்லை. அந்த இடைவெளியில் நான் செய்ததை, அடுத்த வருடம் சேரப்போகிற தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் ஊர் போளூர் பக்கம். வீட்டில் இதற்கு முன் யாரும் ஆசிரியர் வேலைக்குப் படித்ததில்லை, அதனால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் எந்தப் பட்டத்தை வைத்து எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்துவிட வேண்டும். கணிதம், இயற்பியல், தமிழ், ஆங்கிலம், வரலாறு போன்றவற்றுக்கு இளங்கலைப் பட்டம் போதும். வணிகவியலும் பொருளியலும் படித்தவர்களுக்கு முதுகலையும் வேண்டும். என்னுடன் படித்த பி.காம். தோழி இதைத் தெரிந்துகொண்டு எம்.காம். சேர்ந்துவிட்டாள். இளங்கலையில் பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 என்பது குறைந்தபட்ச மதிப்பெண்.

இன்னொன்றையும் சேருமுன்பே தெரிந்துகொள்வது நல்லது. பி.எட். முடித்தால் ஒன்றாம் வகுப்புக்கும் போகலாம் என்று எங்கள் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஒன்று முதல் ஐந்துவரை கற்பிக்க விரும்புகிறவர்கள் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பைத்தான் தேட வேண்டும். எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதால் பி.எட். சரியாக இருந்தது.

தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் 7: சென்னையில் சைதாப்பேட்டையும் லேடி வெலிங்டனும், அப்புறம் வேலூர், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, குமாரபாளையம், கோயம்புத்தூர். அரசு உதவி பெறுபவை 14. இவற்றில் இடம் குறைவு, கட்டணமும் குறைவு. மற்றபடி சுயநிதிக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் சிரத்தையோடு நடத்துகிற கல்லூரிகளும் உண்டு என்று அங்கே படித்த அக்காக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு தரகர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம், "பாப்பா தினமும் வரத் தேவையில்லண்ணே. பரீட்சைக்கு வந்தா போதும், ரெக்கார்டு எழுதக்கூட ஆள் இருக்கு" என்றார். பஸ் செலவு மிச்சம் என்று அப்பா யோசித்தார். இரண்டு வருடப் படிப்பில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி பெற வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. அந்த 20 வாரத்துக்காகத்தான் நான் இதில் சேருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். போகாமலே பட்டம் வாங்கிக்கொண்டு நாற்பது பிள்ளைகள் முன்னால் போய் நிற்க எனக்கு மனசு வராது. அப்பா அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சான்றிதழ் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாவது, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் விண்ணப்பம் வருமுன்பே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் கூட்டம் சேர்ந்த பிறகு போனால் நாள் கணக்கில் இழுக்கும்.

இனி, அந்த மாதங்களில் செய்த முக்கியமான வேலைக்கு வருகிறேன்.

கல்லூரியில் படிக்கும்போதே நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டம் அது. சாயங்காலம் தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஒன்றரை மணி நேரம் சொல்லித்தருவோம். மையம் நின்ற பிறகும் பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துகொண்டிருந்தார்கள். தேர்வு முடிந்து கையில் நேரம் இருந்ததால் ஒரு நோட்டுப் போட்டேன். பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்கை மட்டும் அதில் எழுதுவேன். பக்கத்திலேயே அவர்கள் சொன்ன காரணத்தையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுவேன்.

42-இலிருந்து 17-ஐக் கழித்து ஒரு பையன் 35 என்று போட்டிருந்தான். எப்படிடா என்றேன். "பெரிசுலேர்ந்துதானக்கா சின்னதக் கழிக்கணும்? ஏழுலேர்ந்து ரெண்டு போனா அஞ்சு. நாலுலேர்ந்து ஒண்ணு போனா மூணு." யாரோ ஒருவர் சொல்லித்தந்த விதியைத்தான் அவன் நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறான். அந்த விதியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. 0.3-ஐவிட 0.25 பெரியது என்று சொன்னவர்கள் நிறையப் பேர். மூன்றைவிட இருபத்தைந்து பெரியதுதானே?

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்றாள். காரணம் கேட்டேன். "ரெண்டு பேர்ல ஒருத்தர் வந்தாங்க, இன்னொரு வீட்ல மூணு பேர்ல ஒருத்தர் வந்தாங்க. மொத்தம் அஞ்சு பேர்ல ரெண்டு பேர் வந்தாங்க. சரிதானக்கா?" அவள் சொன்ன கதைக்கு அவள் விடை சரி. அவள் செய்தது பின்னக் கூட்டல் இல்லை, அவ்வளவுதான். தப்பு என்று உடனே அடித்திருந்தால் அவளுடைய யோசனை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஒரே அளவில் இரண்டு காகிதத்தை எடுத்து, ஒன்றில் பாதியையும் இன்னொன்றில் ஐந்தில் இரண்டு பாகத்தையும் வண்ணம் தீட்டச் சொன்னேன். தீட்டி முடித்துவிட்டுப் பார்த்தாள். "அக்கா, கூட்டுனா கம்மியாயிடுச்சே!" அவளே கண்டுபிடித்தாள். அதன்பிறகு ஆறு கட்டம் போட்டு, அரைக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம் என்று ஐந்து கட்டத்துக்கு அவளே வந்து சேர்ந்தாள்.

அந்த நோட்டு ஓரளவு நிரம்பிய பிறகுதான் பி.எட். பாடத்திட்டத்தைத் தரவிறக்கிப் படிக்க ஆரம்பித்தேன். அந்த வரிசை எனக்கு நன்றாக உதவியது. வெறும் பெயர்களாகத் தெரிந்திருக்க வேண்டியவர்கள் தெரிந்தவர்களாக ஆனார்கள். பிள்ளைகள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்ன தண்ணீர்ச் சோதனையைச் சித்தி பிள்ளைகளிடம் செய்து பார்த்தேன். ஒரே அளவு தண்ணீரை அகலமான கிண்ணத்திலும் உயரமான டம்ளரிலும் ஊற்றினால், ஐந்து வயதுக்காரன் டம்ளரில்தான் அதிகம் என்று சத்தியம் செய்கிறான். எட்டு வயது அண்ணன் அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்த இன்னொரு உளவியலாளர் வைகோட்ஸ்கி முப்பத்தேழு வயதில் இறந்துவிட்டார். பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும், ஒருவர் கூட இருந்தால் செய்ய முடிவதற்கும் நடுவில் இருக்கிற இடத்தைத்தான் அவர் பேசுகிறார். காகிதத்தில் வண்ணம் தீட்டிய அன்று நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

கணிதம் எடுக்கிறவர்கள் 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக (பள்ளிப் பாடத்திட்டங்களுக்கான வழிகாட்டி ஆவணம்) கணிதம் பற்றித் தயாரித்த அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பெரும்பான்மைப் பிள்ளைகளுக்குக் கணக்கு என்றால் பயம், தோற்றுவிடுவோம் என்கிற எண்ணம். முதல் சிக்கலே இதுதான் என்று அந்த அறிக்கை சொல்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தையும் படித்தேன். அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. பிள்ளைகளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாமல் அவர்கள் முன் நிற்கக் கூடாது என்பது என் எண்ணம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு சார் ஓய்வு பெற்றுவிட்டார். அவரைப் பார்க்கப் போனபோது, "ஏம்மா, நீ பாட்டுக்குப் புத்தகத்தையே படிச்சிக்கிட்டு இருக்காத. ஸ்கூல்ல ஹெச்.எம். கிட்ட கேட்டுட்டு, ஒரு வகுப்புல பின்னாடி போய் உக்காரு. நடத்துறவங்களப் பாக்காத, பசங்க கையப் பாரு" என்றார். தலைமையாசிரியரும் அனுமதித்தார். கடைசி வரிசையில் இருந்து பார்த்தால், ஆசிரியர் கரும்பலகை பக்கம் திரும்பும் நேரத்தில் எத்தனை பென்சில் நிற்கிறது, யார் பக்கத்து நோட்டைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. கரும்பலகையில் கீழ்ப்பாதியில் எழுதுவது பின்வரிசைக்குத் தெரிவதே இல்லை. அன்று முதல் வீட்டு சிமெண்டுச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக, நேர்கோட்டில் எழுதிப் பழகுகிறேன்.

கல்லூரி விருப்பப் பட்டியலில் வேலூரை முதலில் போட்டேன், அடுத்து சைதாப்பேட்டை. 1856-இல் தொடங்கிய கல்லூரி அது. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி பெற்ற இடம் என்பதால் எனக்கு அதன்மேல் ஆசை இருந்தது. ஆனால் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம், திண்ணைப் பிள்ளைகளையும் விட வேண்டாம். வேலூரிலேயே இடம் கிடைத்தது.

பயிற்றுமொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். பிள்ளைகளிடம் பேசப்போகிற மொழியில் கற்பித்தலைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது முதல் காரணம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் இடஒதுக்கீடு இருப்பதும் ஒரு காரணம். அதற்குப் பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்ததற்கான சான்று கேட்பார்கள். பள்ளிச் சான்றை இப்போதே தலைமையாசிரியரிடம் வாங்கிவிட்டேன். நீங்கள் படித்த பள்ளி பக்கத்தில் இருக்கும்போதே, உங்களைத் தெரிந்த ஆசிரியர்கள் அங்கே இருக்கும்போதே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.